ஆயிரத்து நாற்பத்தேழு யாருடைய எண்?

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரோஜா பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எர்ணாகுளம் மார்க்கெட்டில் அம்மா கட்டிய பூவை நாலு கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறுவாள். அதே ஜூலை ஒன்பதாம் தேதி, மட்டாஞ்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு சரக்குக்கிடங்குத் தொழிலாளியின் நுரையீரலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைப் பரிசோதித்து, இன்ன நோய் என்று முடிவெழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு ஒப்பும் வைத்திருந்தாள். காகிதம் அப்படித்தான் சொன்னது. டாக்டர் ரோஜா, லேப் மருத்துவர்.

அந்தக் காகிதத்தை மேனேஜர் சுதர்ஷன் மேஜைமேல் வைத்து, தன் விரலால் அடிவரியைத் தட்டிக் காட்டினார். எதிரே ரோஜாவும், ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிசெல்வியும் நின்றார்கள்.

"இது என்னாக்கும் டாக்டர்? ஸ்கூல் யூனிபார்மோட இங்க வந்து பயாப்ஸி பார்த்தேளா?" சுதர்ஷன் பாலக்காட்டுத் தமிழர். கோபம் வந்தால் குரல் தாழும். அன்று மிகவும் தாழ்ந்திருந்தது.

ரோஜா பேயறைந்தவள் மாதிரி அந்த வரியையே பார்த்தாள். பிறகு, "ஸார், இந்த மனுஷன நான் கண்டதே இல்ல. சத்தியமா இல்ல," என்றாள்.

விஷயம் இதுதான். வெலிங்டன் தீவின் கிடங்கு ஒன்றில் இருபது வருஷம் தூசி தின்றவர் அப்பு. போன வருஷம் இறந்துபோனார். வேலைதான் அவர் நுரையீரலைத் தின்றது என்று அவர் மனைவி அம்மு வழக்குப் போட்டிருந்தாள். நோய் 2014லேயே இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி இந்த ரிப்போர்ட். அசல் ஒரு மழையில் வெள்ளம் புகுந்து போய்விட்டதால், மூன்று மாதம் முன்பு வந்து புதுப் பிரதி வாங்கிப்போனாள். எதிர்த்தரப்பு வக்கீல் அடியில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டார். அந்த டாக்டரம்மா அப்போது டாக்டரே இல்லையே, இது இப்போது செய்த கள்ள ரிப்போர்ட் அல்லவா என்று கேட்டார். பதினோரு நாளில் ஆஸ்பத்திரி எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

"விசாரணை முடியறவரை நீங்க ஒரு ரிப்போர்ட்லயும் ஒப்பு வைக்க வேண்டாம். மெடிக்கல் கவுன்சிலுக்கும் எழுத வேண்டி வரும்," என்றார் சுதர்ஷன். "செல்வி, கம்ப்யூட்டர்ல யார் கை வச்சான்னு நீ பார்த்துச் சொல்லு."

செல்வி தலையாட்டினாள். அவள் பார்வை ரிப்போர்ட்டின் மூலையில், யாரும் கவனிக்காத பொடி எழுத்தில் இருந்த எண்ணில் நிலைத்திருந்தது. 1047. யார் கை வைத்தது என்று அவள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கை அவளுடைய முழங்கையிலிருந்துதான் தொங்கிக்கொண்டிருந்தது.

செல்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இவள் ஏதோ முட்டாள் என்று தோன்றிவிடும். இவள் முட்டாள் அல்ல. தென்காசியில் பிறந்து, நாலு வயதில் அப்பாவின் தோளில் மட்டாஞ்சேரிக்கு வந்தவள். மலையாளப் பள்ளிக்கூடம். இன்றைக்கும் தமிழ் பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மலையாளப் பேப்பர் என்றால் தண்ணீர் பட்ட பாடு. டிப்ளமோ முடித்து ஆஸ்பத்திரியில் டைப் அடிக்க வந்தாள். லேப் ரிப்போர்ட்டெல்லாம் வைக்க இருபது வருஷத்துக்கு முன்பே ஒரு யூனிக்ஸ் மெஷினை இறக்கிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டும் இருந்த கம்பெனி அவள் வந்த வருஷமே மூடிப்போயிற்று. கறுப்புத் திரை, அதில் மினுக்கும் ஒரு கோடு, பிடித்து நகர்த்த மவுஸ்கூடக் கிடையாது. எல்லாரும் ஒதுங்கியபோது இவள் அதன்முன் போய் உட்கார்ந்தாள். அதற்குள்ளேயே இருந்த விளக்கப் பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தானே கற்றுக்கொண்டாள். யூசர்ஆட் என்று அடித்தால் புது ஆள் சேரும். யூசர்மாட் ஆளின் விவரத்தை மாற்றும். யூசர்டெல் ஆளையே நீக்கும். பன்னிரண்டு வருஷமாக அவள்தான் அந்த மெஷினின் வாசல்காரி. பன்னிரண்டு வருஷமும் ஒப்பந்த ஊழியர். இந்த மாதம்தான் நிரந்தர உத்தரவு தட்டச்சாகி சுதர்ஷனின் மேஜையில் ஒப்புக்குக் காத்திருந்தது.

ஆளுக்கும் ரோலுக்கும் என்ன வித்தியாசம் என்று டாக்டர்கள் கேட்டால், செல்வி தன் அப்பாவின் நீலச் சட்டையைச் சொல்லி விளக்குவாள். ரோல் என்பது வேலைச் சட்டை. ஆள் முதலில் தன் சொந்தப் பெயரைச் சொல்லி உள்ளே வர வேண்டும். வந்தபின் சட்டையை மாட்டிக்கொள்ளலாம். சட்டை தானாக நடந்து வாசலுக்குள் வராது. ரிப்போர்ட்டை டாக்டர் தன் பெயரில் எழுதுவார்; வெளியிட வேண்டுமென்றால் ‘ஒப்பு’ என்ற ரோலை மாட்டிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலே ‘ரூட்’ என்று ஒரு ரோல் உண்டு. எதையும் செய்யலாம். அந்தச் சட்டை செல்வி ஒருத்திக்குத்தான்.

அப்பா இசக்கிராஜா பஜார் ரோட்டில் மிளகுக் கோடவுன் ஒன்றில் மூட்டை தூக்கியவர். அவருடைய சட்டையில் ஒரு பித்தளை வில்லை இருக்கும். எண் அறுபத்திமூன்று. அந்தக் கோடவுனில் ஒரு வழக்கம். ஆள் போனால் வில்லை சும்மா கிடக்கக் கூடாது. அடுத்து வருகிறவனுக்கு அதே எண்தான். "ஆளு போவான், நம்பரு நிக்கணும்" என்பார்கள். அப்பா ஓய்ந்தபோது அறுபத்திமூன்றைத் தன் தங்கை மகனின் சட்டையில் தானே குத்திவிட்டார். வீட்டில் அன்று பாயசம். செல்வி அந்தப் பாயசத்தைக் குடித்து வளர்ந்தவள்.

எட்டு மாதம் முன்பு ரோஜா வேலைக்கு வந்து சேர்ந்தாள். பூக்காரி மகள், தமிழ்ப் பெண், டாக்டர்! செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் தங்கையே வந்த மாதிரி இருந்தது. மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் வரிசையில் அடுத்த எண்ணைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. டாக்டர் வெங்கிடேஸ்வரன் என்று ஒருவர் அந்த லேபில் இருபது வருஷம் இருந்தார். கை சுத்தம், கண் சுத்தம். அவர் முடிவை எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள்கூட மறுபடி பார்க்காது. இறந்து இரண்டு வருஷம். அவருடைய எண் பூட்டிக் கிடந்தது. செல்வி யூசர்டெல் அடித்து அவர் பெயரை எடுத்தாள். யூசர்ஆட் அடித்து, அவருடைய 1047ஐயே கேட்டு வாங்கி, ரோஜாவின் பெயரில் எழுதினாள். வில்லையைக் குத்திவிட்ட திருப்தி. யாரிடமும் சொல்லவில்லை. ஆசீர்வாதத்தைத் தம்பட்டம் அடிப்பார்களா என்ன?

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது இங்கேதான். அந்த மெஷின் ஒரு கோப்பில் அதை எழுதியவர் பெயரைக் குறித்துவைப்பதில்லை. எண்ணை மட்டும் குறித்துவைக்கும். பெயர் என்ன என்று கேட்டால், அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடி, இன்றைக்கு அது யாருடையதோ அவர் பெயரைச் சொல்லும். பழைய ரிப்போர்ட்டைப் பிரதி எடுத்தாலும் அப்படித்தான் அடியில் பெயர் விழும். இது செல்விக்குத் தெரியாதா? தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அறிவு ஒரு பக்கம் கிடந்தது, வழக்கம் ஒரு பக்கம் கிடந்தது. அன்று கையை இழுத்தது வழக்கம்.

சுதர்ஷனின் அறையிலிருந்து நேரே மெஷினுக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். 1047க்குச் சொந்தமான கோப்புகளை எல்லாம் வரிசையாகக் காட்டு என்றாள். திரை ஓட ஆரம்பித்தது. ரோஜா, ரோஜா, ரோஜா. 2016, ரோஜா. 2011, ரோஜா. 2005, ரோஜா, அவளுக்கு அப்போது எட்டு வயது. நிற்காமல் ஓடியது. கடைசியில் கணக்கு வந்தது: பதினெட்டாயிரத்துச் சொச்சம். புற்று என்று சொன்னவை, புற்று இல்லை என்று சொன்னவை, கர்ப்பப்பை, கல்லீரல், குழந்தைகளுடைய எலும்பு. செத்துப்போன மனிதரின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும், பூக்காரி மகள் ஒருத்தி திருடிவிட்ட மாதிரி திரை காட்டியது. செல்வி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறைத்து என்ன, அவளும் மனுஷிதான். பன்னிரண்டு வருஷம் காத்த உத்தரவு ஒப்பு விழாமல் கிடக்கிறது. ‘பார்க்கிறேன் ஸார்’ என்று ஒரு நாள். ‘இன்னும் பார்க்கிறேன் ஸார்’ என்று மறுநாள். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் ரோஜா வந்து, வெள்ளைக் கோட்டைப் போடாமல், லேபுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. செல்வி பின்பக்கப் படிக்கட்டால் போனாள்.

அந்தப் படிக்கட்டில் ஐந்தாம் நாள் அம்மு உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, மடியில் பிளாஸ்டிக் கவர்.

"மோளே, நீயல்லே கம்ப்யூட்டர் நோக்கறது? ஏதானும் அறிஞ்சியா?" என்றாள். "நான் கள்ளத்தரம் காட்டிட்டேன்னு வக்கீல் சொல்றான். எனக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது மோளே. நான் எங்க போயி கள்ள ரிப்போர்ட் செய்ய?"

செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோஜாவின் முகம்தான் இத்தனை நாள் அவள் கண்முன் இருந்தது. இந்தப் பெண்ணை அவள் நினைக்கவே இல்லை. ஒரு எண்ணை மாற்றியதில் ஒருத்தி திருடி ஆனாள். இன்னொருத்தி பொய்க்காரி ஆனாள். "பாக்கேன்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை மட்டாஞ்சேரி செர்லாயில் இருந்த வீட்டு வாசலில் அப்பா சாயா குடித்துக்கொண்டிருந்தார். செல்வி அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். யூசர்டெல்லாவது ஒன்றாவது, அவருக்கு அதெல்லாம் தெரியாது. செத்தவர் எண்ணை உயிரோடு இருப்பவளுக்குக் கொடுத்தேன், இப்போது இப்படி ஆகிவிட்டது என்று சொன்னாள். சபாஷ் என்றாவது, போகட்டும் என்றாவது சொல்வார் என்று நினைத்தாள். அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏளா, எனக்கு முன்னால அறுவத்திமூணு வச்சிருந்தது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"இல்லப்பா."

"சங்கரன்னு பேரு. பள்ளுருத்திக்காரன். அடுக்கி வச்ச அட்டி சரிஞ்சு மூட்ட மேல விழுந்து செத்தான். மறுநா வில்லய என் சட்டையில குத்துனாவ. மூணு வருசம் எல்லாவனும் என்னைய சங்கரன்னுதான் கூப்ட்டான். நானும் திரும்பிப் பாத்தேன். என்ன செய்ய, நம்பரப் பாத்துத்தான கூப்டுதான்? ஒருநா அவன் பொண்டாட்டி ஏதோ பேப்பருக்காவ கோடவுன் வாசல்ல வந்து நிக்கா. உள்ளேருந்து ஒருத்தன் ‘டா சங்கரா’ன்னு கத்துனான். நான் ‘ஆங், வாரேன்’னேன். அவ சட்டுன்னு திரும்பி என்னையப் பாத்தா செல்வி." அப்பா தம்ளரை ஓரமாய் நகர்த்தினார். "இன்னைக்கும் அந்தப் பார்வ என் முதுகுல இருக்கு."

செல்வி திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். இந்த மனிதர் சிரித்துக்கொண்டே வில்லை குத்தியதும், தான் பாயசம் குடித்ததும் அவள் கண்முன் வந்தன. "பெறவு ஏம்ப்பா அதே நம்பர அத்தை மவனுக்குக் குடுத்தீக?"

"வழக்கம்லா," என்றார் அப்பா.

பத்து மணிக்குச் செல்வி சுதர்ஷனின் அறையில் நின்றாள். "ஸார், கள்ள ரிப்போர்ட் ஒண்ணும் இல்ல. யாரும் கை வைக்கல. நான்தான்," என்றாள். சொல்லச் சொல்ல சுதர்ஷனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"நீ சொல்றதை நான் நம்பறேன்னே வச்சுக்கோ. கோர்ட் நம்பணுமே. வெங்கிடேஸ்வரன்தான் ஒப்பு வச்சார்ங்கறதுக்கு உன் வாய்வார்த்தையைத் தவிர என்ன இருக்கு?"

"இருக்கு ஸார்."

அந்த மெஷினில் பெயரை எழுத்தாகவே எழுதிவைக்கும் இடம் ஒன்று உண்டு. யாராவது ஒரு ரோலை மாட்டிக்கொண்டால், எந்தத் தேதி, எத்தனை மணி, யார், எந்த ரோல் என்று ஒரு வரி விழும். அதில் எண் கிடையாது, பெயர்தான். வருஷத்தை மட்டும் அது எழுதாது. அதனால் செல்வி ஒவ்வொரு ஜனவரியிலும் பழைய வரிகளை எடுத்து அந்த வருஷத்தின் பெயரிட்டுத் தனியாக வைத்துவிடுவாள். 2014ஐத் திறந்தாள். ஜூலை ஒன்பது, அப்புவின் ரிப்போர்ட் வெளியான அதே காலை பதினொன்று நாற்பது: வெங்கி, ஒப்பு. இறந்த மனிதர் பதினோரு வருஷம் கழித்துத் தன் பெயரைத் தானே சொன்னதுபோல் அந்த வரி திரையில் நின்றது. சுதர்ஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி வாசித்தார்.

ரோஜாவையும் அம்முவையும் வரவழைத்து, அவர்கள் முன்னாலேயே செய்ய வேண்டும் என்று செல்வி கேட்டுக்கொண்டாள். முதலில் யூசர்மாட்: ரோஜாவுக்கு இதுவரை யாரும் தொடாத புது எண். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு எழுதிய ரிப்போர்ட்டுகளை எல்லாம் அந்தப் புது எண்ணுக்கு மாற்றினாள். பிறகு யூசர்ஆட்: வெங்கிடேஸ்வரன், 1047. உடனே அதைப் பூட்டினாள். இனி யாரும் அந்தப் பெயரில் உள்ளே வர முடியாது, ஆனால் பெயர் இருக்கும். அப்புவின் ரிப்போர்ட்டைப் பிரின்டருக்கு அனுப்பினாள். காகிதம் வெளியே வந்தது. அடியில் டாக்டர் வெங்கிடேஸ்வரன்.

அம்முவுக்கு வாசிக்கத் தெரியாது. சுதர்ஷன் வாசித்துக் காட்டினார். "ஆமா, அந்த வயசாளி டாக்டர்தான். கட்டைக் குரல்ல பேசுவாரு," என்றாள் அம்மு. காகிதத்தைக் கவருக்குள் வைக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ரோஜா செல்வியிடம் வந்து நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தீர்களானால் அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியாது.

"ஆறு நாள் செல்வியக்கா. எங்கம்மா மார்க்கெட்டுக்கே போகல. மொதல் நாளே உங்களுக்குத் தெரியும் அல்லே?"

"தெரியும்."

"பின்னே?"

நிரந்தர உத்தரவு என்று சொல்லச் செல்விக்கு வாய் கூசியது. ரோஜா வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு லேபுக்குள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி கோர்ட்டுக்கு உண்மையை எழுதியது. அந்த வரியையும் இணைத்தது. நிரந்தர உத்தரவைச் சுதர்ஷன் கிழிக்கவில்லை. மடித்துப் பெட்டிக்குள் போட்டார். ஒப்பந்தம் மாத முடிவோடு நிற்கும், புதுப்பிக்கப்பட மாட்டாது என்றார். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. செல்வி சரி ஸார் என்றாள். தன் வினை தன்னைச் சுட்டது என்று வீட்டில் சொன்னாள், அழவும் செய்தாள். அம்முவின் வழக்கு இன்னும் நடக்கிறது.

கடைசி நாள், அவளுக்குப் பதிலாக வந்த ஸ்ரீநாத் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கல்லூரி முடித்த கையோடு வந்தவன், விரல் சுறுசுறுப்பு. முதலில் அவனைச் சேர்த்து, ரூட் சட்டையை அவனுக்கும் கொடுத்துவிட்டுத்தான் செல்வி வெளியேற முடியும். இல்லாவிட்டால் எல்லாரும் வெளியே நிற்க, மெஷின் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும்.

அவள் யூசர்ஆட் என்று அடித்து, எண் கேட்கும் இடத்தில் நிறுத்தினாள். ஸ்ரீநாத் பட்டியலைப் பார்த்தான்.

"சேச்சி போனா ஆயிரத்து நூறு காலியாகுமல்லோ. நல்ல நம்பர். அத எனக்குத் தந்தா மதி, வேற வேண்டாம்."

செல்வி பட்டியலில் அந்த வரியைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் அவள் அடித்த ஒவ்வொரு கட்டளையும், சேர்த்த ஒவ்வொரு ஆளும், அந்தத் தவறும், அதைத் திருத்தியதும் எல்லாம் அந்த 1100இல்தான் இருந்தன.

"அது காலியில்ல தம்பி," என்றாள். "அதுல நான் இருக்கேன்."

அவனுக்கு வரிசையில் அடுத்த எண்ணைக் கொடுத்தாள். தன் எண்ணை நீக்கச் சொல்லவில்லை. எப்படிப் பூட்டுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.